போதை கலக்காத ஒரு நினைவு

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ நலமா என்று கேட்கக் கூடாதாம். "எப்பிடி இருக்கேன்னு கேக்காதடி, பாவம், அவன் என்னன்னு சொல்லுவான்" என்று அம்மா உத்தரவு போட்டிருக்கிறாள். அதனால் கேட்கவில்லை. நீயாகச் சொல்லிவிடு.

லீவ் லெட்டர் தவிர நான் எழுதும் முதல் கடிதம் இது. லீவ் லெட்டரில் ஒரே பெரியப்பாவை இரண்டு முறை சாகடித்த அனுபவம் இருப்பதால் கை பழகித்தான் இருக்கிறது. ஊருக்கெல்லாம் ஃபோன் ரிப்பேர் செய்த உன்னை ஃபோனே கூடாத மறுவாழ்வு மையத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். மீனைப் பிடித்து மாடியில் விட்ட மாதிரி.

வீட்டு நிலவரம். மெத் என்கிற உன் போதைக் கண்றாவிக்கு ஐஸ் என்று பட்டப்பெயர் இருப்பது தெரிந்ததிலிருந்து அந்தச் சொல்லையே வீட்டில் யாரும் சொல்வதில்லை. அப்பாவுக்கு முட்டி வீங்கினால், "ஃப்ரிட்ஜ்ல அந்தக் கட்டி இருக்கும், எடுத்துட்டு வா" என்கிறார். மற்ற நேரமெல்லாம் டிவியோடு பேசுகிறார். டிவியும் அவரை மதிப்பதில்லை.

உன் கடை ஷட்டர் மூடியே இருக்கிறது. டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்த டீச்சர் வழியில் என்னைப் பிடித்து, அண்ணன் எங்கே என்றார். "ரிப்பேருக்குப் போயிருக்கான் மிஸ்" என்றேன். யார் ரிப்பேருக்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆக, பொய் எதுவும் நடக்கவில்லை.

முக்கியமான விஷயம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வீட்டார் வந்து பார்க்கலாம் என்று உன் ஆலோசகர் சொன்னாராம். முதல் தடவை மே கடைசி ஞாயிறு. நான் வருகிறேன். இது விண்ணப்பம் இல்லை, அறிவிப்பு. எட்டு மாதம் முடிந்து உன்னை வீட்டுக்கு அழைத்து வருவதும் நான்தான். அதுவரை பத்திரமாக இரு. சாப்பிடு.

உன் ஒரே தங்கை (வேறு ஆர்டர் கொடுத்ததாக அம்மா சொல்லவில்லை),
வாலு


பிப்ரவரி 19

வாலுவுக்கு,

கடிதம் கிடைத்தது. நன்றாக இருக்கிறேன். தூங்குகிறேன். சாப்பிடுகிறேன். அம்மாவிடம் சொல்.

அறையில் என்னோடு ஒரு லாரிக்காரர் இருக்கிறார். விடிய விடிய ஓட்டுவதற்காக ஆரம்பித்தவர். நான் விடிய விடிய ஃபோன் திறப்பதற்காக ஆரம்பித்தவன். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். பெரியப்பா இரண்டு முறை செத்த இடத்தில் சிரித்தார். இங்கே சிரிப்புச் சத்தம் கேட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இங்கே ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. என்னைப் போன்றவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். நானும் பெயர் கொடுத்தேன். டாக்டர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: மூளைக்குள் பல கூட்டம் இருக்கிறது, ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும். 'இதைக் கவனி' என்று மணி அடிக்கும் கூட்டம் ஒன்று. சும்மா இருக்கும்போது பழசை எல்லாம் அசைபோடும் கூட்டம் ஒன்று. பிரேக் பிடிக்கும் கூட்டம் ஒன்று. என் தலையில் மணி அடிப்பவனும் பழசை அசைபோடுபவனும் கூட்டாளி ஆகிவிட்டார்கள். பிரேக்குக்குப் போகிற லைன் மட்டும் வீக். ஃபோன் போர்டில் கரண்ட் ஓடும் டிராக் அறுந்துபோன மாதிரி. ஆசை வந்தால் அது ஆசை மாதிரி வருவதில்லை. தாகம் மாதிரி வருகிறது.

பயப்படாதே. இப்போது பரவாயில்லை. நீ எழுது. பழைய கதை எல்லாம் எழுது. நாம் செய்த சேட்டை எல்லாம். படிக்க நன்றாக இருக்கிறது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 27

மூளை உள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம், அம்மா சுகம், அப்பாவின் முட்டி சுமார். உன் மூளையைப் படம் எடுத்தார்களாமே, படத்தில் ஏதாவது தெரிந்ததா? அம்மா பல வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். மற்றவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. உனக்குத் தலைக்கு உள்ளேயே வேலை.

பழைய கதை கேட்டாய். ராஜ கதையே சொல்கிறேன். மாடி எண் கதை.

"படி, படி" என்று அம்மா கத்திக்கொண்டே இருந்த பரீட்சைக் காலம் அது. சரி என்று நாம் படிக்கட்டில் இறங்கினோம். ஆறு மாடி, மாடிக்கு நாலு வீடு. எல்லா மாடி எண்ணையும் எல்லாக் கதவு எண்ணையும் மாற்றி ஒட்டுவது என்று முடிவு. யோசனை என்னுடையது. ஆனால் வேலை உன்னுடையது. அசல் எண்ணின் வளைவு, பித்தளை நிறம், ஓரத்துக் கீறல்கூட விடாமல் ஸ்டிக்கர் தாளில் வெட்டினாயே! நான் வெட்டிய எட்டைப் பார்த்து, "இது எட்டா, குட்டி போட்ட முட்டையா" என்றாய். அதற்கே நான் அரை மணி நேரம் உருண்டேன். நான் தூங்கி எழுந்து பார்த்தால் நீ வெட்டிக்கொண்டிருப்பாய். பள்ளி போய் வந்து பார்த்தாலும் வெட்டிக்கொண்டிருப்பாய். சாப்பாடு அப்படியே ஆறிக் கிடக்கும். வாய் மட்டும் ஓயாது. ஒரு ஜோக் முடிவதற்குள் அடுத்தது. உன்னைப் போல வேலைக்காரன் உலகத்திலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அப்பா வந்தார். மாடி எண்ணை மட்டும் பார்த்து ஏறி, நம் மாடி என்று நினைத்து ஆடிட்டர் மாடிக்குப் போய், நம் வீடு என்று நினைத்து ஆடிட்டர் கதவில் சாவியை விட்டு ஆட்டினார். ஆடிட்டர் பனியனோடு, கையில் தட்டோடு திறந்தார். "என் வீட்ல உனக்கு என்னய்யா வேலை?" என்றார் அப்பா. ஆடிட்டர் கதவு எண்ணைப் பார்த்தார். உள்ளே தன் சோபாவைப் பார்த்தார். மறுபடி எண்ணைப் பார்த்தார். "சாரி சார்" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு வெளியே வந்துவிட்டார். ஆடிட்டர் இல்லையா, கண்ணை நம்பமாட்டார், எண்ணைத்தான் நம்புவார்.

மேல்படியில் ஒளிந்து நீயும் நானும் ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டு இருந்தோம். உன் இதயம் என் முதுகில் டமடம என்று அடித்தது. சிரிப்பில் இவ்வளவு வேகமாக அடிக்குமா என்று ஆச்சரியமாக இருந்தது.

சீக்கிரம் வா. கட்டடத்தில் எல்லாரும் சரியான வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

எட்டு வெட்டத் தெரியாத,
வாலு


மார்ச் 20

வாலுவுக்கு,

சுகம். பதில் எழுதத் தாமதம். கோபித்துக்கொள்ளாதே.

மாடி எண் கதையைப் பல முறை படித்துவிட்டேன். லாரிக்காரருக்கு மனப்பாடம். காலையில் என்னைப் பார்த்தால் "சாரி சார்" என்கிறார்.

ஸ்கேன் குழாய்க்குள் படுக்க வைத்துப் போதையை நினைவூட்டும் படங்கள் காட்டுவார்கள். ஃபாயில் தாள், லைட்டர், சின்ன பிளாஸ்டிக் பை. ஆசை எவ்வளவு என்று பொத்தானில் ஒன்றிலிருந்து பத்துக்குள் மார்க் போட வேண்டும். நான் எப்போதும் ஒன்றே ஒன்றுதான் போடுவேன். வாழ்க்கையில் முதல் முறையாகக் குறைந்த மார்க் எடுத்தால் சந்தோஷப்படுகிறார்கள்.

அடுத்த தடவைக்கு நல்ல நினைவு ஒன்றைச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். போதை சம்பந்தமே இல்லாத நினைவு. படங்களுக்குப் பிறகு அதை ஒலிக்கவிட்டால் மனம் அடங்குகிறதா என்று பார்ப்பார்களாம். எதைக் கொண்டுபோவேன் என்று உனக்கே தெரியும்.

அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது?

அண்ணன்


ஏப்ரல் 2

ஆராய்ச்சிக்கு உட்பட்ட அண்ணாவுக்கு,

இருமல் போய்விட்டது, அம்மா இருக்கிறாள். மாற்றி நடந்தால்தான் கவலை.

என் எழுத்து உன் மூளைக்குள் போகிறதா! தமிழ் வாத்தியார் மூளைக்குள்கூட அது இதுவரை போனதில்லை. கட்டுரைக்கு எனக்கு அவர் போட்ட மார்க்கும் நீ பொத்தானில் போட்ட மார்க்கும் ஒன்றுதான். அண்ணா, எனக்கு என்ன பெருமை தெரியுமா? உனக்கு மருந்து மாத்திரை கொடுக்கிறார்கள், ஆனால் வேலை செய்வது நான்.

அதனால் டோஸை ஏற்றுகிறேன். சுவர்க்கடிகாரங்களை எல்லாம் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது நினைவிருக்கிறதா? அப்பா ஆபீசுக்குப் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்து, கம்பெனியையே மூடிவிட்டார்கள் என்று வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாரே. நீ ஒரே நாளில் அந்தக் கடிகாரங்களை எல்லாம் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு மாட்டினாய். அந்த வருடம் நீ ஒரு நிமிடம் சும்மா இருந்து நான் பார்க்கவில்லை. அதைவிடச் சிரித்த வருடம் எனக்குக் கிடையாது. அந்த அண்ணனை அப்படியே திருப்பி அனுப்பச் சொல்லு, அந்த டாக்டரிடம். கீறல் இல்லாமல்.

மே கடைசி ஞாயிறுக்கு நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். வரும்போது ஒரு திட்டத்தோடு வருவேன். விவரம் கேட்காதே.

உன் தலைமை மருத்துவர்,
வாலு


ஏப்ரல் 25

அண்ணாவுக்கு,

நலம். பதில் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே சைக்கிளை மிதிக்கிறார். கடிகாரக் கதை பிடிக்கவில்லையா? வேறு கதை நிறைய இருக்கிறது, கடையையே வைத்திருக்கிறேன்.

உடம்பு சரியில்லையா? ஒரு வரி போதும். உன் கையெழுத்தில் "ம்" என்று போட்டால்கூடப் போதும்.

வாலு


மே 12

வாலுவுக்கு,

நன்றாக இருக்கிறேன். கடைசி ஞாயிறு அம்மா மட்டும் வரட்டும். உனக்குப் படிக்க இருக்கும்.

அண்ணன்


மே 16

திரு. அண்ணன் அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம். எனக்குப் பரீட்சை முடிந்து பத்து நாள் ஆகிறது. படிக்க இருப்பது உன் கடிதம் ஒன்றுதான். அதிலும் மூன்று வரிதான் இருக்கிறது.

நான் என்ன செய்தேன் என்று எவ்வளவோ யோசித்துவிட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை. உனக்குச் சட்டை எடுத்து வைத்திருந்தேன், அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். என் திட்டத்தை ரத்து செய்துவிட்டேன். நான் வரக்கூடாது என்றால் வரவில்லை. ஆனால் ஏன் என்று மட்டும் சொல். அம்மா திரும்பி வரும்போது பதில் வர வேண்டும். வாயால் வேண்டாம், நீ எழுதியதாக.

வாலு


ஜூன் 8

வாலுவுக்கு,

சட்டை சரியாக இருக்கிறது. நீ சுகமா? அம்மா கையில் பதில் கொடுக்க முடியவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்காமல் இருந்தால் உனக்கு வரும்.

நல்ல நினைவுக்கு உன் மாடி எண் கடிதத்தையே படித்துப் பதிவு செய்தேன். குழாய்க்குள் முதலில் ஃபாயில், லைட்டர் படங்கள் வந்தன. பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டேன். பிறகு கதை ஓடியது. ஆறிப்போன சாப்பாடு வந்தபோது நாக்கு வறண்டது. அப்பா சாவியை விடும் இடத்தில் கை வேர்த்தது. அது சிரிப்பு இல்லை, வாலு. உடம்பு முழுக்க வாய் முளைத்து 'வேணும், வேணும்' என்று கேட்டது. வழக்கம்போல் பொத்தானில் ஒன்று போட்டேன்.

சில நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டார். படங்களைவிடக் கதைக்குத்தான் என் மூளை அதிகம் பற்றிக்கொண்டது என்றார். "போதை சம்பந்தம் இல்லாத நாள்னு சொன்னீங்களே, அன்னிக்கு என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டார். அவர் கேட்கிறவரை எனக்கே தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நல்ல நாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

நீ தூங்கி எழுந்தபோதெல்லாம் நான் வெட்டிக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருந்தாய். மனுஷன் அப்படி வெட்டமாட்டான். குளியலறைக்குப் போய் இழுத்துவிட்டு வருவேன், வெட்டுவேன். ஜோக் மேல் ஜோக் வந்ததும் அதனால்தான். உன் முதுகில் அடித்த இதயமும் அதுதான். கடிகாரம் கழற்றியதும் அதுதான். நீ 'அப்படியே திருப்பி அனுப்பு' என்று கேட்டாயே, அந்த அண்ணன் யார் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

உன் கடிதங்களை ஏன் அத்தனை முறை படித்தேன் என்பதும் புரிந்தது. படித்தால் லேசாக ஏறும். இறங்கியதும் இன்னொரு முறை படிப்பேன். கடிகாரக் கதை வந்த மறுநாள் செருப்பை மாட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போய்விட்டேன். லாரிக்காரர் பின்னாலேயே வந்தார். நான் நிற்கும்வரை அவரும் நின்றார். திரும்பினேன்.

உன் மேல் ஒரு தப்பும் இல்லை. எழுதச் சொன்னதே நான். ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. நீ சிரித்தால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. எட்டு மாதம் முடிந்ததும் வீட்டுக்கு வரமாட்டேன். லாரிக்காரரின் மச்சான் அட்டைப்பெட்டி கம்பெனி வைத்திருக்கிறார். அங்கே வேலை பேசியிருக்கிறேன். கடையைக் காலி செய்யச் சொல். மூளையில் அந்த லைன் சரியாக நாளாகும் என்கிறார்கள். எவ்வளவு நாள் என்று யாரும் சொல்லவில்லை.

எழுதுவதை நிறுத்திவிடாதே. பழசு வேண்டாம். அன்றன்று நடந்ததை எழுது. சிரிப்பு இல்லாததாக.

அண்ணன்


ஜூலை 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அம்மா நலம். அப்பா நலம்.

நேற்று காலை தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. சாயங்காலம் ஓடியது. பக்கத்து வீட்டில் புதிதாகக் குடி வந்திருக்கிறார்கள், நாலு பேர். உன் கடையைக் காலி செய்தாகிவிட்டது. டீச்சர் ஃபோனை வேறு கடையில் சரிசெய்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். எனக்குப் புதுச் செருப்பு வாங்கினோம். பழுப்பு நிறம்.

இப்படித்தானே கேட்டாய்? இதுவரை நாலு தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். செருப்பைப் பற்றி எழுதும்போது ஒரு ஜோக் தோன்றியது, எழுதவில்லை.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அந்த வருடத்தை முழுதாக ஒரு தடவை பார்த்தேன். நீ இளைத்துக்கொண்டே போனாய். நான் உனக்குக் 'குச்சி' என்று பெயர் வைத்தேன். "புள்ள கண்ணே சரியில்லடி" என்று அம்மா சொன்னபோது, நீ கண்ணாடி போடு, எல்லாம் சரியாகத் தெரியும் என்று அவளைக் கிண்டல் செய்தேன். நீ பக்கத்திலிருந்து கை தட்டினாய். அம்மா சிரிக்காமல் போய்விட்டாள். அதுதான் இப்போது திரும்பத் திரும்ப வருகிறது. எனக்கு ஸ்கேன் எடுத்தால் அதுதான் தெரியும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், பிறகு கேட்கமாட்டேன். அந்த வருடம் முழுக்க நான் யாரோடு சிரித்தேன்? உனக்கும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அண்ணா, நான் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் சிரித்தது வெறும் வயிற்றுச் சிரிப்பு. மேல்படியில் இரண்டு பேர் இருந்தோம் என்றால் அதில் பாதியாவது நிஜம்.

உனக்கு உண்மையில் என்ன பிடிக்கும், எதற்குச் சிரிப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவரும்போது எழுது. அவசரம் இல்லை.

ஆகஸ்டில் அம்மா வருவாள். நான் வீட்டில் இருப்பேன்.

தங்கை


ஆகஸ்ட் 31

வாலுவுக்கு,

நன்றாக இருக்கிறேன் என்று எழுதி அடித்துவிட்டேன். இப்போதெல்லாம் பொத்தானில் உள்ளதைப் போடுகிறேன். ஆறு போடுகிறேன், ஏழு போடுகிறேன். இன்றைக்கு நாலு. நீ எப்படி இருக்கிறாய்?

ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாள். உன்னைக் கேட்டேன். "வீட்ல இருக்கா" என்று சொல்லிவிட்டு, சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தாள். தண்ணீர் குடித்து வருகிறேன் என்று மாடிக்குப் போனேன். நடைபாதை ஜன்னலிலிருந்து எதிர்ச்சாரி பஸ் நிறுத்தம் தெரியும்.

நீ உட்கார்ந்திருந்தாய். மடியில் பை. பழுப்புச் செருப்பு. ஃபோனைக்கூடப் பார்க்கவில்லை. யாரையும் வம்புக்கு இழுக்கவில்லை. பக்கத்தில் ஒரு பையன் ஐஸ்கிரீமை நழுவவிட்டு அழுதான், அதற்குக்கூட நீ ஒரு ஜோக் அடிக்கவில்லை. நீ இப்படி உட்காருவதற்கு நான்தான் காரணம் என்று தோன்றியது.

அப்போது அது வந்தது, அந்தத் தாகம். நாக்கு, கை, எல்லாம். கீழே இறங்கலாம் என்று நினைத்தேன். உன்னிடம் வர இறங்குகிறேனா, வெளியே போக இறங்குகிறேனா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அதனால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன்னைப் பார்த்து ஒரு கை அசைத்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. அதற்காக வருத்தப்படுகிறேன். இன்னும் நிறைய வருத்தப்பட வேண்டியிருக்கும்.

யாரோடு சிரித்தேன் என்று கேட்டாய். எனக்கும் தெரியவில்லை. உன் பாதி நிஜம் என்றாய், அதை நம்புகிறேன். என் பாதியில் ஏதாவது மிச்சம் இருந்தால் சொல்கிறேன். அடுத்த மாதம் பெட்டி கம்பெனிக்குப் போகிறேன். விலாசம் அனுப்புகிறேன்.

அது வந்தால் தானாகப் போய்விடும் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். போய் நான் பார்த்ததில்லை. எப்போதும் அதற்கு முன்னால் நான் போய்விடுவேன். அன்றைக்குப் போகவில்லை. ஒரு பஸ் வந்து உன்னை மறைத்தது. ஏறிப் போயிருப்பாய் என்று நினைத்தேன். பஸ் நகர்ந்ததும் இருந்தாய். இன்னொன்று வந்தது. அது நகர்ந்ததும் இருந்தாய். எத்தனை பஸ் என்று தெரியாது. ஒரு பஸ் போனபோது என் கை கம்பியில் தளர்ந்திருந்தது. நாக்கு ஈரமாக இருந்தது.

அது போய்விட்டது, வாலு. நீ அப்போதும் அங்கேயே உட்கார்ந்திருந்தாய்.

அண்ணன்